804 செங்கல்லில் கங்கைகொண்ட சோழபுரம்

நவராத்திரி லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது ஒரு ஷூ பெட்டி நிறைய லெகோ துண்டுகளோடு வந்தேன். ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி: "தம்பிக்கு வாங்கினதாடா?" இல்லை, எனக்குத்தான் என்றதும் ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்! மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன் பொம்மைக் கட்டை வச்சு விளையாடுறான் என்ற சேதி ராத்திரி மெஸ் முடியறதுக்குள்ள பரவிடுச்சு. அந்தப் பார்வைக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. பாதி பதில், பாதி பாடம். 'லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்' படிச்சு எக்ஸாம் ஹாலிலேயே விட்டுட்டு வந்தவங்களுக்கு ரிவிஷனாகவும் ஆகும்.

முதலில் வயசு விஷயம். பெரியவங்க பொம்மை சேர்க்கிறது வெளிநாட்டுப் பழக்கம் என்று நம்ம ஆட்கள் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பெட்டியோடு நான் கிளம்பின அதே லீவில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது என்ன? டிரங்குப் பெட்டி. உள்ளே பழைய தினசரியில் சுற்றி வைத்த தசாவதார செட், கல்யாண செட், செட்டியார் கடை செட், கிரிக்கெட் செட். 'செட்' என்ற சொல்லே கொலுக் கடையில் புழங்குகிற சொல். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கணும், செட்டில் ஒரு ஆள் உடைந்தால் அதே அளவு, அதே வண்ணத்தில் தேடி அலையணும், மூணு, அஞ்சு, ஏழு என்று ஒற்றைப்படையில் படி கட்டணும், விஜயதசமி முடிந்ததும் எந்தப் பெட்டியில் எது என்று எழுதி ஒட்டணும். அறுபது வயசுப் பாட்டி இதையெல்லாம் செய்தால் பக்தி, இருபது வயசுப் பையன் செய்தால் பைத்தியமா? கீழே மணல் கொட்டி, கடுகு முளைக்க வைத்து பார்க் போடுகிறோமே, அது வேறு என்ன?

லெகோ உலகில் இப்படிப்பட்ட பெரியவர்களுக்கு 'ஏஃபோல்' என்று பெயர். 'லெகோவின் வயதுவந்த ரசிகர்' என்பதன் சுருக்கம். அவர்கள் பேச்சில் இன்னொரு சொல் உண்டு: 'இருண்ட காலம்'. சின்ன வயசில் விளையாடிவிட்டு, படிப்பு, வேலை என்று கட்டையைத் தொடாமல் இருக்கும் இடைவெளிக்கு அப்படிப் பெயர். நம்ம வரலாற்றுப் புத்தகத்தில் களப்பிரர் காலத்துக்குச் சொன்ன அதே பெயர்! நம்மில் பலருக்கு அது பத்தாம் வகுப்பில் ஆரம்பித்து கவுன்சிலிங்கில் முடிந்திருக்கும். கம்பெனியும் இந்தக் கூட்டத்தைக் கவனித்துவிட்டது. 2020 முதல் பெரிய செட்களின் பெட்டியில் '18+' என்றே அச்சடிக்கிறார்கள்.

இனி பாடம். ஒரு சாதாரண 2×4 துண்டை (மேலே எட்டுக் குமிழ் இருக்குமே, அது) கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்த பட்டறை இது. பிளாஸ்டிக் கட்டை 1949-ல் வந்தது. அதிலும் ஒரு சுவாரசியம்: அது ஹிலாரி பேஜ் என்ற ஆங்கிலேயர் ஏற்கெனவே 'கிட்டிகிராஃப்ட்' என்ற பெயரில் விற்ற கட்டையைப் பார்த்துச் செய்தது. அப்போது உள்ளே வெறும் கூடுதான். மேலே மேலே அடுக்கலாம், ஆனால் பிடிப்பு கிடையாது, லேசாகத் தட்டினால் விழும். ஓலேயின் மகன் காட்ஃபிரட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தில்தான் கட்டையின் அடியில் குழாய்கள் வந்தன. மொத்த வித்தையும் அந்தக் குழாயில்தான் இருக்கு.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்துக் குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. நாலு குமிழ் ஒரு சதுரமாக நிற்கிறது. அவற்றின் நடுவில் மேல் கட்டையின் குழாய் இறங்கி, நாலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். சதுரத்தின் மூலைவிட்டம் 8√2, அதாவது 11.31 மி.மீ. அதில் இரண்டு பக்கமும் அரை அரைக் குமிழைக் கழித்தால், 11.31 − 4.8 = 6.51. குழாயின் வெளி விட்டம் 6.51 மி.மீ. ஒன்பதாம் வகுப்பு பிதாகரஸ், அவ்வளவுதான். ஆனால் இது 6.45 ஆகிவிட்டால் கட்டை லொடலொடவென ஆடும். 6.6 ஆனால் குழந்தையால் பிரிக்கவே முடியாது, நாளடைவில் சுவர் விரிசல் விடும். நாம 'இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்' என்று வரைபடத்தில் போட்டு இரண்டு மார்க் வாங்குகிற விஷயம், கையால் அழுத்தினால் கேட்கிற அந்த 'டிக்' சத்தம்தான்.

பொருள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். 1963 வரை செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தார்கள். அது காலப்போக்கில் வளைந்துகொண்டது. ஏபிஎஸ் அச்சில் ஆறும்போது சுமார் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். 2×4 கட்டையின் நீளம் 31.8 மி.மீ. (நாலு எட்டு 32 இல்லையா என்று கேட்பீர்கள், பக்கத்துக் கட்டையோடு உரசாமல் இருக்க 0.2 குறைத்திருக்கிறார்கள்.) அரை சதவீதச் சுருக்கம் என்றால் 0.16 மி.மீ. மேலே பார்த்த 6.45-க்கும் 6.6-க்கும் இடையிலான வித்தியாசமே 0.15தான்! அப்படியானால் அச்சு வெட்டும்போதே சுருக்கத்தைக் கணக்கில் எடுத்து, மைக்ரான் கணக்கில் வெட்டியாக வேண்டும். 1958 கட்டையும் இந்த வருஷம் வந்த கட்டையும் ஒன்றோடொன்று மாட்டும் என்பது விளம்பர வாசகம் மாதிரித் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது டூல் ரூமில் நிற்கிற ஆட்களின் உழைப்பு.

எனக்கு இது புத்தகத்தில் புரியலை. ஒரு பொருட்காட்சியில் மலிவாகக் கிடைத்தது என்று பேர் தெரியாத கம்பெனி செட் ஒன்று வாங்கினேன். ஒரு கோபுரம். பாதி வரை நல்லா வந்தது. மேலே போகப் போக மூலைகள் பூட்டிக்கொள்ள மறுத்தன. ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் எழுந்தது. கடைசியில் பைசா நகரத்துக் கோபுரம் மாதிரி நின்றது. அப்புறம் வொர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். ஒரே மாதிரி இருக்கவேண்டிய கட்டைகளின் உயரத்தில் 0.05 மி.மீ. வரை வித்தியாசம். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் 46 வரிசைக்கு ஒரே பக்கமாகச் சேர்ந்தால் 46 × 0.05 = 2.3 மி.மீ. 'டாலரன்ஸ் ஸ்டாக்-அப்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை. 350 ரூபாய் வீண் என்று வீட்டில் திட்டு விழுந்தது. ஒரு லேப் கிளாஸுக்கான ஃபீஸ் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

அதற்காக லெகோ அல்லாத கட்டையெல்லாம் திருட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. அது முடிந்தபின் அந்த வடிவத்தில் யாரும் கட்டை செய்யலாம். குமிழ் வடிவம் எங்கள் வணிக முத்திரை என்று சொல்லித் தடுக்கப் பார்த்தது லெகோ தரப்பு. 2005-ல் கனடா உச்ச நீதிமன்றம் மெகா பிளாக்ஸ் தயாரித்த கம்பெனிக்கு எதிரான வழக்கில் அதை ஏற்கவில்லை. 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதே வழி. காரணம் தெளிவானது: குமிழ் அழகுக்கு வைத்தது இல்லை, வேலை செய்கிற உறுப்பு, வேலை செய்கிற உறுப்பை முத்திரை என்ற பெயரில் என்றென்றைக்கும் பூட்டி வைக்க முடியாது. அதனால் பொருந்துகிற கட்டை செய்வது தப்பில்லை. ஆனால் லெகோவின் செட்டை அப்படியே, பெட்டிப் படம் முதல் வழிகாட்டிப் புத்தகம் வரை நகலெடுத்து விற்பது வேறு கதை. சீனாவில் 'லெப்பின்' என்ற பெயரில் அப்படித்தான் நடந்தது. 2019-ல் ஷாங்காய் போலீஸ் ரெய்டு, அடுத்த வருஷம் அதன் தலைவருக்கு ஆறு வருஷச் சிறை. நம்ம ஊரில் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகளுக்கான பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நான் வாங்கின பெட்டியில் அதுவும் இல்லை. அப்போதே சுதாரித்திருக்கணும்.

இப்போது பணம். இதைப் பேசாமல் சேகரிப்பு பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது. பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. ஒரு பெரிய '18+' செட் வாங்கினால் ஒரு செமஸ்டர் மெஸ் பில் காலி. "மச்சி, இது இன்வெஸ்ட்மென்ட், பெட்டியைப் பிரிக்காம வச்சா நாளைக்கு டபுள்" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு ஆதாரமாக மாஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வையும் காட்டுவார்கள். 1987 முதல் 2015 வரையிலான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செட்களின் மறுவிற்பனை விலையைப் பார்த்து, வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 11 சதவீதம் லாபம் என்று கண்ட ஆய்வு அது. உண்மைதான். ஆனால் சராசரி என்பது சராசரி. நஷ்டத்தில் போன செட்களும் அதில் உண்டு.

தாஜ்மஹால் கதையைக் கேளுங்கள். 2008-ல் லெகோ விட்ட தாஜ்மஹால் செட்டில் 5,922 துண்டுகள். அன்றைக்கு அதுதான் ஆகப் பெரிய செட், அமெரிக்காவில் விலை 300 டாலர். சில வருஷத்தில் தயாரிப்பை நிறுத்தினார்கள். கையிருப்பு குறையக் குறைய, பிரிக்காத பெட்டி ஆயிரம் டாலரையெல்லாம் எப்போதோ தாண்டிப் போனது. அதைப் பார்த்து ஏறின விலையிலேயே வாங்கிப் பதுக்கினவர்கள் உண்டு. 2017-ல் கம்பெனி என்ன செய்தது? அதே தாஜ்மஹாலை மறுபடி விட்டது. 5,923 துண்டுகள், 370 டாலர். ஒரே ஒரு துண்டு கூடுதல்! பதுக்கினவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்? கொலுப் பொம்மையை யாரும் விலை ஏறும் என்று வாங்குவதில்லை. அந்த விஷயத்தில் நம்ம பாட்டிகள் தெளிவு.

அதனால் நான் எடுத்த முடிவு, பெட்டியைச் சேர்க்காமல் துண்டைச் சேர்ப்பது. ஒரே நிறத்தில், ஒரே அளவில், பழசாக இருந்தாலும் பரவாயில்லை. செட் வாங்கினால் அது ஒன்றே ஒன்று. ஆறே ஆறு 2×4 கட்டை, ஒரே நிறம், இருந்தால் எத்தனை விதமாக மாட்டலாம் தெரியுமா? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765. சோரன் ஐலர்ஸ் என்ற டேனிஷ் கணித ஆசிரியர் கம்ப்யூட்டரில் எண்ணிக் கண்டுபிடித்த எண் இது. இரண்டு கட்டைக்கு 24 விதம், மூன்றுக்கு 1,060. இரண்டுக்கான 24-ஐ நீங்களே உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், இரண்டு தேங்காய் பன் சாப்பிடுகிற நேரம்தான் ஆகும்.

தாஜ்மஹாலுக்கு மூன்று முறை செட் வந்துவிட்டது (2021-ல் சின்ன அளவில் ஒன்று, 2,022 துண்டு). பெரம்பலூர், அரியலூர்க்காரர்களான நமக்கு பஸ் தூரத்தில் நிற்கிற கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இல்லை. இல்லாவிட்டால் என்ன, நாமே கட்டுவோம். சொந்தமாக வடிவமைத்துக் கட்டுவதை ரசிகர்கள் 'மாக்' என்பார்கள். சேகரிப்பில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

யுனெஸ்கோ குறிப்பின்படி விமான உயரம் 53 மீட்டர். அடித்தளம் ஏறக்குறைய 100 அடிச் சதுரம், அதாவது 30.48 மீட்டர். கடையில் கிடைக்கிற சாதாரண அடிப்பலகை 32×32 குமிழ், 25.6 செ.மீ. 1:120 அளவுகோல் எடுத்தால் அடித்தளம் 25.4 செ.மீ.; 31.75 குமிழ். கிட்டத்தட்ட 32! உயரம் 441.7 மி.மீ.; ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. என்பதால் 46 வரிசை. இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்தபோது நான் நோட்டை மூடிவிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன்.

46 வரிசையை இப்படிப் பிரித்தேன்: கீழே நேர்ச் சுவர் 10, நடுவில் குறுகிக்கொண்டே போகும் தளங்கள் 27, மேலே சிகரம் 9. (இது பயிற்சிக்காக நான் பிரித்தது, தொல்லியல் துறை வரைபடம் இல்லை, சண்டைக்கு வராதீர்கள்.) நடுவில் அகலம் 32 குமிழிலிருந்து 14-க்கு வரணும். பக்கத்துக்கு ஒரு குமிழ் உள்ளே தள்ளினால் அகலம் இரண்டு குறையும். ஆக ஒன்பது படி.

27 வரிசை, ஒன்பது படி. சமமாகப் பிரித்தால் மூன்று வரிசைக்கு ஒரு படி. கட்டினால் என்ன வரும்? நேர்கோட்டில் ஏறுகிற கோபுரம். அது தஞ்சாவூர். ராஜராஜன் கட்டிய விமானம் நேராக, கறாராக ஏறும். மகன் ராஜேந்திரன் கட்டியதோ உள்பக்கமாக வளைந்து, இழைந்து ஏறும். இரண்டையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்று நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று நெளிந்து எழும். இந்த வளைவைச் செவ்வகக் கட்டையில் எப்படிக் கொண்டுவருவது?

இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். சரிவுக் கட்டை, வளைவுக் கட்டை என்று விலை பார்த்தேன். கடைசியில் புதுத் துண்டு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. முதல் மூன்று படியை இரண்டிரண்டு வரிசையில் வை. அடுத்த மூன்றை மூன்று மூன்று வரிசையில். கடைசி மூன்றை நாலு நாலு வரிசையில். 6 + 9 + 12 = 27. அதே உயரம், அதே ஒன்பது படி, அதே கட்டை. கீழே வேகமாகக் குறுகி, மேலே போகப் போக நிமிர்கிறது. வளைவு வந்துவிட்டது!

எத்தனை கட்டை ஆகும்? உள்ளே வெற்றிடம், சுவர் இரண்டு குமிழ் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அகலம் W என்றால் ஒரு வரிசைப் பரப்பு W² − (W−4)² = 8W − 16 குமிழ். எட்டால் வகுத்தால் W − 2. அதாவது 32 அகல வரிசைக்கு 30 கட்டை, 14 அகல வரிசைக்கு 12. (சில வரிசையில் மூலைக்கு 2×2 தேவைப்படும், இரண்டு 2×2-ஐ ஒன்றாக எண்ணுங்கள்.) நேர்ச் சுவர் பத்து வரிசைக்கு 300. தஞ்சாவூர் மாதிரி நேராக ஏற்றினால் நடுப்பகுதிக்கு 540. ராஜேந்திரன் வளைவுக்கு 156 + 180 + 168 = 504. சிகரம் தனி, அதை உருண்டையாகச் செதுக்கணும், இந்தக் கணக்கில் சேர்க்கலை. மொத்தம் 804. வளைத்துக் கட்டியதால் 36 கட்டை மிச்சம். நிஜக் கோயிலில் கல் மிச்சமானதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அளவுகளே வேறு. ஆனால் என் ஷூ பெட்டிக்கு 36 கட்டை பெரிய விஷயம்.

கட்டும்போது இன்னொன்று கவனித்தேன். ஒவ்வொரு படியிலும் மேல் சுவரில் பாதிதான் கீழ்ச் சுவர் மேல் உட்காரும். மீதிப் பாதி உள்பக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். நாலு பக்கமும் சேர்ந்து பிடிப்பதால்தான் விழாமல் நிற்கிறது. தஞ்சை விமானமும் உள்ளே கூடுதான். கல்லை இப்படி வரிசை வரிசையாக உள்நோக்கி நீட்டி மூடிய வேலைக்கு சிவில்காரர்கள் 'கார்பெலிங்' என்பார்கள். அவர்களுக்கு லெகோவின் பிடிப்பு கிடையாது, கல்லின் எடை மட்டும்தான். இதை யோசித்தபின் அடுத்த முறை கோயிலுக்குப் போனபோது நான் சாமி கும்பிடாமல் அண்ணாந்து பார்த்தபடியே நின்றதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

சுவரில் வரும் கோஷ்டங்களுக்குக் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கணும். அதற்கு உதவுகிற விகிதம்: தட்டையான பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ., ஐந்து பிளேட் 16 மி.மீ.; இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. படுக்க வைத்ததும் நிறுத்தி வைத்ததும் இடைவெளி இல்லாமல் சேர்ந்துவிடும். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்தால் போதும், பாதி 'மாக்' நுட்பம் கைக்கு வந்துவிடும்.

கையில் காசே இல்லை என்றால்? கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்களே, இது உங்களுக்கு. 1995-ல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலியர் 'எல்-டிரா' என்ற இலவச மென்பொருள் எழுதினார். லெகோவுக்கென்றே ஒரு அலகு வைத்தார்: 0.4 மி.மீ. அதில் குமிழ் இடைவெளி 20, கட்டை உயரம் 24, பிளேட் 8, குமிழ் விட்டம் 12. எல்லாம் முழு எண்! கோப்பைத் திறந்து பார்த்தால் வெறும் எழுத்துதான். ஒரு வரிக்கு ஒரு துண்டு: நிறம், இடம், திருப்பம், பெயர். என் 804 கட்டையையும் நான் ஒவ்வொன்றாக வைக்கவில்லை. பைத்தானில் இரண்டு லூப் எழுதினேன், கோபுரம் எழுந்தது. பழைய செட்களின் வழிகாட்டிப் புத்தகங்களையும் லெகோ தன் தளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகவே வைத்திருக்கிறது.

நிஜக் கட்டை வைத்திருப்பவர்களுக்கு நம்ம ஊர் சார்ந்து இரண்டு எச்சரிக்கை. ஜன்னல் வெயிலில் வைத்தால் வெள்ளைக் கட்டை ஒரே கோடையில் மஞ்சள் அடிக்க ஆரம்பித்துவிடும். ஏபிஎஸ்ஸில் உள்ள ரப்பர்ப் பகுதியைப் புற ஊதாக் கதிர் பதம் பார்த்துவிடும். அடுத்து தூசு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டோரம் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள், 40 டிகிரிக்கு மேல் போகாத சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள்.

என் கோபுரம் இப்போது 31-வது வரிசையில் நிற்கிறது. கட்டை தீர்ந்துவிட்டது. கேள்வி கேட்ட ரூம்மேட் போன வாரம் ஊரிலிருந்து வரும்போது தன் அக்கா பையன் ஒதுக்கிப் போட்ட கட்டையில் ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தான். அதில் 2×4 பதினேழு தேறியது. சிகரத்தில் மட்டும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு: 32 இரட்டைப்படை என்பதால் நட்ட நடு மையம் குமிழ் மேல் விழாமல் நாலு குமிழுக்கு இடையே விழுகிறது. கலசத்தை அங்கே நிறுத்த, நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள 2×2 ஜம்பர் பிளேட் ஒன்று வேண்டும். யாரிடமாவது இருந்தால் சாம்பல் நிறமாக இருந்தாலும் பரவாயில்லை.